ஆட்சேபனை இல்லை

மூன்று கையெழுத்தில் இரண்டு வாங்கியாகிவிட்டது. நரம்பு டாக்டர் போட்டுவிட்டார். மேனேஜர், பேனாவில் மை தீர்ந்துவிடுமே என்கிற கவலையோடு, போட்டுவிட்டார். படிவத்தின் கடைசி வரி மட்டும் மிச்சம். 'மேற்படி ஊழியர் எனது பொறுப்பிலுள்ள குழியில் மீண்டும் பணிபுரிவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.' அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 'குழிப் பொறுப்பாளர்' என்று இரண்டு சொல். ஐந்து நாளாக அந்தக் கோடு காலியாகவே கிடந்தது. ஆறாம் நாள் காலையில் நான் பஸ் டெப்போவுக்குப் போனபோது மேனேஜர் படிவத்தை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.

"அவர் போட மாட்டேன்னுட்டாரும்மா."

"ஏனாம்?"

"ஏன்னு கேட்டா பதில் சொல்ற ஆளா அவர்? மாட்டேன்னார், போயிட்டார்." பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "நல்லதுக்குன்னு எடுத்துக்கோயேன். ஸ்டோர்ல ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். ஃபேன் நேரா தலைக்கு மேல. வர்றவங்க கேக்குற சாமானை எடுத்துக் குடுத்தா போதும். ராணி மாதிரி உக்காந்திருக்கலாம்."

ராணியாம். ஏழு மாதமாக எல்லோரும் என்னை எங்கேயாவது உட்கார வைப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி, வீட்டில் சோபா, இப்போது ஜன்னல் ஓரம். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒன்பது வருடம் பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்த்தவள். "சார், எனக்கு நல்லதா இருக்குறது எல்லாம் ஏன் சார் உக்காந்தே இருக்கு?" என்று கேட்டேன். என் குரல் இப்போதெல்லாம் குளிரில் ஸ்டார்ட் ஆகாத டீசல் என்ஜின் மாதிரி கரகரக்கிறது. அதனால் சாதாரணமாகக் கேட்டாலும் சண்டைக்குப் போவதுபோல் இருக்கும். அன்றைக்கு நான் சண்டைக்குத்தான் போனேன்.

குழி என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். தரையில் நீளமாக வெட்டி, சிமெண்ட் பூசி, ஏழு படி வைத்த பள்ளம். அதன்மேல் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நாங்கள் உள்ளே இறங்கி, அண்ணாந்து பார்த்தபடி, அதன் வயிற்றில் வேலை செய்வோம். காலையில் இறங்கினால் சாயங்காலம்வரை தலை பின்பக்கம் மடிந்தே இருக்கும். எண்ணெய் கண்ணில் சொட்டும், துரு வாயில் விழும். வீட்டுக்குப் போய் நேராகப் பார்த்தால் சுவர் ஏதோ புதுப் பொருள்போல் தெரியும். எங்கள் டெப்போவில் மூன்று குழிகள். முதல் குழிக்குப் பொறுப்பாளர் பதினேழு. அது அவர் வயதல்ல, அவருக்கு நாற்பத்து நாலு. பின்பாக்கெட்டில் எப்போதும் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் செருகியிருப்பார். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் புழங்கியதில்லை. அவர் மனைவிகூடப் போனில், "பதினேழு இருக்காருங்களா?" என்றுதான் கேட்பாள்.

குழி ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் கிடக்கிற பழைய டயர்மேல் ஒவ்வொருவராக உட்காருவார்கள். பதினேழு பின்னால் நிற்பார். ஒரு கை தாடையில், ஒரு கை பின்மண்டையில். "மூச்சை விடு" என்பார். விட்டதும் ஒரு வெட்டு வெட்டுவார். வலப்பக்கம் ஒரு நெட்டி, இடப்பக்கம் ஒரு நெட்டி. அண்ணாந்தே இறுகிப்போன கழுத்து அப்படியே இளகி, உடம்பு முழுக்க ஒரு சுகம் ஓடும். ஆனால் முதல் இரண்டு வருடம் அது எனக்குத் தெரியாது. மூன்று குழிக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் பெண். மரியாதை கருதி என் முறை வந்ததும் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அவர்கள் சிரிப்பது வாசல்வரை கேட்கும்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய் டயரில் உட்கார்ந்தேன். "அண்ணே, என் கழுத்து மட்டும் என்ன, வாடகைக்கு எடுத்ததா? எனக்கும் எடுங்க" என்றேன். பதினேழு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஒரு புதுத் துணியை என் தோளில் விரித்து, கோவிலுக்குள் நுழைகிறவர் மாதிரி வந்து நின்றார். நெட்டி விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த டெப்போவில் நான் வேலைக்குச் சேர்ந்தது என்னவோ அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு ஏழு வருடம் தினமும் வரிசையில் உட்கார்ந்தேன், ஒரு நாள்கூட விட்டதில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, இடப்பக்க நெட்டி கொஞ்சம் பெரிதாக விழுந்தது. "அடேயப்பா, கியர் மாறிருச்சு" என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். இரவிலிருந்து பின்கழுத்தில், இடது காதுக்குக் கீழே ஒரு வலி. பல்வலி வழிதவறிக் கழுத்துக்கு வந்துவிட்ட மாதிரி. தலையணை சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாலு நாள் மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். ஐந்தாம் நாள் குழிக்குள் இருக்கும்போது, தலைக்கு மேலிருந்த பஸ் பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. கத்தினேன், பஸ் நின்ற இடத்தில்தான் நின்றது. நான்தான் சரிந்துகொண்டிருந்தேன். வாந்தி. விக்கல். இடது இமை தானாக இறங்கிவிட்டது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

பக்கத்துக் கிளினிக்கில் இருந்தவர் என் வயதைக் கேட்டார். சொன்னதும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. காதுக்குள் நீர் சமநிலை தப்பியிருக்கிறது, வயிற்றில் வேறு வாயு என்றார். "ஸ்ட்ரோக்கா இருக்குமோ டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "இந்த வயசுலயா? நெட்டுல கண்டதையும் படிக்காதீங்க" என்று சிரித்து, மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து வாந்தியைக் கழுவலாம் என்று பக்கெட்டில் வெந்நீர் பிடித்தேன். வலது கையை விட்டேன். வெதுவெதுப்பாகக்கூட இல்லை. இடது கையை விட்டேன், அலறிக்கொண்டு எடுத்தேன். திரும்பவும் வலது. ஒன்றுமில்லை. ஒரே தண்ணீர்தான், இரண்டு கைக்கும் இரண்டு கதை.

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் சூடு பார்ப்பது என் தொழில். லைனில் ஓடி வந்த பஸ்ஸைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு சக்கரத்திலும் புறங்கையை வைத்து, எந்தச் சக்கரம் மற்றதைவிடச் சூடாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அங்கேதான் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் பேரிங் போயிருக்கும். இதற்கு ஒரு கருவி இருக்கிறது. உடைந்துவிடும் என்று மேனேஜர் அதைத் தன் மேசை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறார். அதனால் எங்களுக்குக் கைதான் கருவி. அந்தக் கருவி பொய் சொல்கிறது என்றால் கோளாறு காதிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்க" என்றேன். வீட்டுக்காரர் தயங்கினார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், டாக்டர் சொன்ன விடையை உடனே அடித்துத் திருத்த மனது வரவில்லை. "நீங்க வரலைன்னா நான் தவழ்ந்தே போறேன்" என்றேன். அப்போதே பாதி தவழ்ந்துகொண்டுதான் இருந்தேன்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துச் சொன்னாள். கழுத்து எலும்புக்குள்ளே பின்பக்கமாக மூளைக்குப் போகிற இரத்தக்குழாய், இடது பக்கத்தில், உள்ளே கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் கட்டி, அதில் ஒரு துணுக்கு மேலே போய் அடைத்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பிரேக்குக்குப் போகிற ரப்பர் குழாய், அந்தப் பிரேக் ஹோஸ், பழசானால் இப்படித்தான் பண்ணும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், உள்தோல் உரிந்து மடிந்து வழியை மறித்துக்கொண்டிருக்கும். "கழுத்துல ஏதாவது அடி, சுளுக்கு, திருப்பல்?" என்று கேட்டாள். நெட்டியைச் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள். "அதுதான்னு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. சில பேருக்குத் தும்மினாலே கிழியும். ஆனா பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். இனிமே யாரும் உங்க கழுத்தைத் திருப்பவே கூடாது" என்றாள். வீட்டுக்காரர் கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே வராந்தாவில் பதினேழு நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். மூன்று நாள் அப்படியே வந்து நின்றார், ஒரு தடவைகூட உள்ளே வரவில்லை.

அதற்கப்புறம் விசாரணை வைத்தார்கள். மேனேஜர் வீட்டுக்கே வந்து, "அவர் விளையாட்டா பண்ணதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா, அவர் மேல நடவடிக்கை எடுத்து விஷயத்தை முடிச்சுடலாம்" என்றார். வீட்டுக்காரரும், "எழுதேன், உண்மைதானே" என்றார். அன்றைக்கு எனக்குப் பேனா பிடிக்கச் சரியாக வரவில்லை, உட்கார்ந்தாலே இடப்பக்கமாகச் சாய்வேன். தலையணையை அண்டைக் கொடுத்துக்கொண்டு எழுதினேன். 'நான் கேட்டுக்கொண்டதன் பேரில், ஏழு வருடங்களாக, என் முழுச் சம்மதத்துடன்.' மேனேஜருக்கு முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. யாரும் என்னைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கவில்லை, நான் போய் உட்கார்ந்தேன். அதை இன்னொருவர் தலையில் கட்டினால், அன்றைக்கு அங்கே நான் உட்கார்ந்ததே பொய் என்றாகிவிடும். டெப்போவில் 'ஒருவர் கழுத்தை ஒருவர் திருப்பக் கூடாது' என்று பலகை மாட்டினார்கள். அதற்குப் பிறகு குழி ஆட்கள், மேனேஜர் கூப்பிட்டால், விறைத்த கழுத்தோடு முழு உடம்பையும் திருப்பித் திரும்புவதாக வெல்டர் வந்து சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏழு மாதத்தில் நான் முதல்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான். சிரித்ததில், குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறி, பாதி உயிர் போய் வந்தது.

இப்போது எப்படியிருக்கிறேன் என்றால், நடப்பேன். இடது காலும் இடது கையும் நான் சொன்ன இடத்துக்குப் போகாமல் நாலு விரல்கடை தாண்டிப் போய் நிற்கும். வலது கைக்கு வேலை எல்லாம் பழையபடி தெரியும், சூடு தெரியாது. இடது கைக்குச் சூடு தெரியும், வேலை தெரியாது. கடவுளோ விதியோ, யார் பிரித்துக் கொடுத்தாலும் இதைவிடக் கேவலமாகப் பங்கு பிரிக்க முடியாது. தினமும் காலையில் ஒரு தட்டு நிறைய நட்டும் போல்ட்டும் வைத்துக்கொண்டு இடது கையால் பூட்டிக் கழற்றுவேன். முதல் மாதம் ஒரு நட்டுக்கு அரை மணி நேரம். அழுகையாக வரும். அழுதுகொண்டே பூட்டுவேன். வீட்டுக்காரர் பேப்பர் திருத்துகிற சாக்கில் எதிரே உட்கார்ந்து, கீழே உருளுகிற நட்டைக் காலால் என் பக்கம் தள்ளிவிடுவார். ஸ்டோர் வேலைக்குப் போ என்று சொல்கிற வாய்தான், கால் மட்டும் என் கட்சி. ஆறாவது மாதம் திரும்பப் படம் எடுத்தார்கள். கிழிந்த இரத்தக்குழாய் ஆறிவிட்டது. அதிக நேரம் அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பதைத் தவிர டாக்டரம்மா வேறு தடை போடவில்லை.

அதற்கும் வழி செய்தேன். இனி ஓடாது என்று கண்டம் பண்ணி ஒதுக்கிய பஸ்ஸிலிருந்து ஒரு டிரைவர் சீட்டைக் கழற்றி, அடியில் நாலு சக்கரம் வைத்து, வெல்டரிடம் சொல்லி ஒட்டவைத்தேன். முதுகைச் சாய்த்துவிட்டால் படுத்த மாதிரி இருக்கும், கழுத்து மடங்காது, பஸ் வயிறு நேராகக் கண்ணுக்கு முன்னால் வரும். குழி ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை சோபா" என்று பெயர் வைத்தார்கள். அதையும் முதல் குழியில் இறக்கி வைத்தாகிவிட்டது. நான் இறங்குவதற்குத்தான் ஒரு கோட்டின்மேல் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

மேனேஜர் அறையிலிருந்து படிவத்தை எடுத்துக்கொண்டு முதல் குழிக்குப் போனேன். காலை நேரக் கூட்டத்தை இறக்கிவிட்டு பஸ்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்த நேரம். பதினேழு ஒரு சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையைத் துடைத்தார். ஆள் இளைத்திருந்தார்.

"என்ன ஆட்சேபனைண்ணே உங்களுக்கு?"

"ஸ்டோருக்குப் போ."

"அது மேனேஜர் சொன்னது. நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் அப்போதுதான் வந்து நின்ற பஸ்ஸைக் காட்டினார். "தொடு" என்றார்.

சுற்றி நடந்தேன். இடது கையை நீட்டினேன். முதல் சக்கரத்தில் கை குறி தப்பி மட்கார்டில் போய் மோதியது. பின்னால் யாரோ ஸ்பேனர் சத்தத்தை நிறுத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் நீட்டினேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு தடவை, மூன்று தடவை ஆயிற்று. ஆனால் கை போய் உட்கார்ந்ததும் பழைய ஞாபகம் எல்லாம் அதற்குள் இருந்தது. முன்னால் இரண்டும் சரி. பின்னால் வலது சரி. பின்னால் இடது, கை வைப்பதற்கு முன்பே முகத்தில் அனல் அடித்தது. அதுவும் வலது கன்னத்தில்தான், இடது கன்னத்துக்கு இப்போது அனலும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான்.

"பின்னாடி லெஃப்ட். பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்திருக்கு."

"சரி" என்றார். அவருக்கு முன்னமே தெரியும். "இப்ப வேலை எந்தக் கையில செய்வ?"

"வலது."

"அதான். மறதியில இந்தப் பிரேக் டிரம்மைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப. தோல் கருகுற வாடை வந்தாத்தான் உனக்கே தெரியும்."

"வந்துச்சு" என்றேன். சட்டைக் கையை மடித்து, வலது முன்கையில் இருந்த தழும்பைக் காட்டினேன். "இஸ்திரிப் பெட்டி. வாடை வந்துதான் பார்த்தேன். அதுலேருந்து எதை எடுத்தாலும் முதல்ல இடது, அப்புறம்தான் வலது. தூக்கத்துல தலையணையைக்கூட இடது கையாலதான் தொட்டுப் பார்க்குறேன். இஸ்திரி மட்டும் வீட்டுக்காரர் போடுறார். அது சூட்டுக்காக இல்லை, கிடைச்ச சான்ஸை விடுவானேன்னு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பதினேழு சிரிக்கவில்லை. தழும்பையே பார்த்தார்.

"உனக்கு இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா, என் கண்ணு முன்னாடி ஆச்சுன்னா, நான் என்ன பண்ணுவேன்? சொல்லு. நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. ஏழு மாதமாக வீட்டுக்காரரிடம், அம்மாவிடம், பார்க்க வந்த எல்லோரிடமும் வராத கோபம். "எனக்கு ஆனது போதாதா? உங்களுக்கும் நானே ஆறுதல் சொல்லணுமா?" என்றேன். "என் கை போச்சு, என் குரல் போச்சு, தண்ணி குடிக்கத் தலையைக் குனிஞ்சு குனிஞ்சு குடிக்கிறேன். நான் திரும்பி வந்துட்டேன். நீங்கதான் இன்னும் அந்த வராந்தாவுலயே நிக்கிறீங்க. நீங்க நிக்கிறதுக்காக நான் ஏன்ணே உக்காரணும்?"

அவர் திரும்பிக்கொண்டார். "நான் போட மாட்டேன்" என்றார் முதுகைக் காட்டியபடி.

முதல் குழியின்மேல் நின்றிருந்த பஸ் வேலை முடிந்து நகர்ந்தது. குழி திறந்துகொண்டது. அடுத்த பஸ், அந்தச் சூடான சக்கரத்துக்காரன், ஏற வேண்டும். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு படியிலும் இடது கால் தாண்டிப் போகப் பார்த்தது, நிறுத்தி நிறுத்தி வைத்தேன். ஏழு படிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. "ஏய், எங்க போற? மேல வா" என்று பதினேழின் குரல் கேட்டது. மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டேன். மேலே பஸ் இல்லாததால் தகரக் கூரையும், அதில் ஒரு ஓட்டை வழியாக வெயிலும் தெரிந்தன.

குழிக்குள் ஆள் இருந்தால் அதன்மேல் பஸ்ஸை ஏற்றக் கூடாது. இது சட்டம். இந்த டெப்போவில் யாரும் ஒரு தடவைகூட மீறாத சட்டம் அது ஒன்றுதான். டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார். பின்னால் இன்னொரு பஸ் வந்து நின்று, அதுவும் அடித்தது. மூன்றாவது வந்தது. மேனேஜர் ஓடி வருவதும், "என்னய்யா இது, இழுத்து மேல கொண்டு வாங்கய்யா" என்று கத்துவதும் கேட்டது. யாரும் இறங்கவில்லை. என்னைத் தொட்டு இழுக்க அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தை ஏழு மாதமாக வெறுத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

"சார், கத்தாதீங்க" என்று நானும் கீழேயிருந்து கத்தினேன். "ராணி மாதிரி உக்காந்துதான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பதினேழு இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்றார், அதற்குக் கீழே வரவில்லை. மேலே ஹாரன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் பேசியது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"தினமும் கேக்குது எனக்கு. அந்தச் சத்தம். சாப்பிடும்போது கேக்குது. என் விரல்ல நெட்டி விழுந்தாக்கூட எழுந்து உக்காந்துடுறேன். என் பொண்ணு தலை பின்னிவிடச் சொன்னா, அவ கழுத்துப் பக்கம் கை போக மாட்டேங்குது."

அவருக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன் என்று இப்போதுதான் மேலே கத்திவிட்டு வந்திருந்தேன். ஆனால் உண்மை ஒன்று இருந்தது. அதை இதுவரை டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

"எனக்கும் கேட்டுச்சுண்ணே" என்றேன். "நல்லா இருந்துச்சு. அன்னைக்கு அது ரொம்ப நல்லா இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டேதான் வீட்டுக்குப் போனேன். அந்தச் செவ்வாய்க்கிழமை என்னோடது. அதை நீங்க மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டு அழக் கூடாது."

பதினேழு சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்த இருட்டில் தெரியவில்லை, இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. நான் முதுகை நிமிர்த்தி, சீட்டிலிருந்து எழுந்தேன். உலகம் ஒரு தடவை இடப்பக்கம் சாய்ந்தது, அதற்கு அது பழக்கம். நான் காலை அகற்றி வைத்து நின்றேன், எனக்கு இது பழக்கம். சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பிரித்து நீட்டினேன்.

அவர் பார்த்தார். மேல்பையில் பேனா இருந்தது, அதைத் தொட்டார், தன் விரல்களைப் பார்த்தார். குழிச் சுவரில் ஊன்றியதில் ஒட்டிய கரி, கிரீஸ். பின்பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நகக்கண். துடைத்துவிட்டுத் திரும்பவும் முதல் விரலிலிருந்து ஆரம்பித்தார். மேலே நாலாவது பஸ் வந்து ஹாரன் அடித்தது. மேனேஜர் யாரிடமோ, "உள்ளே என்னய்யா பண்றாங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார். வெல்டர், "தெரியலைங்க, துடைச்சுக்கிட்டு இருக்காரு" என்றார்.

நான் படிவத்தை நீட்டியிருந்தது இடது கையில். அது ஒரு இடத்தில் நிற்காது. காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வலது கையில் நீட்டினால் அசையாமல் நிற்கும், அவருக்கும் பார்க்கச் சங்கடமாக இருக்காது. அவர் துடைத்துக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கையை மாற்றவில்லை.